மூடத் தெரிந்தால் மட்டும் திறங்கள்

"நல்ல வாட்ச் சார், செல் போயிடுச்சு. பின்மூடியை வீட்லயே கழற்றிடலாமா?"

எனக்கு வாட்ச் பைத்தியம் உண்டு என்பது கிளையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம்மாட்கள் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். காபி டம்ளர் வந்த கையோடு பீரோவிலிருந்து ஒரு டப்பாவும் வந்துவிடும். உள்ளே அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ரேடோ இருக்கும், மாமனார் ஆசையாய்க் கட்டிய ஒமேகா இருக்கும், இல்லாவிட்டால் பையன் முதல் போனஸில் வாங்கிய டாக் ஹோயர் இருக்கும்.

இந்த விஷயத்தில் ஊரில் இரண்டு கட்சி. "காஸ்ட்லி வாட்சைத் தொடவே கூடாது" என்பது ஒரு கட்சி. "யூடியூப்ல அஞ்சு நிமிஷத்துல கழற்றிக் காட்டறான், இதுக்குப் போய் கடைக்காரனுக்கு அழணுமா" என்பது இன்னொன்று. நான் இரண்டிலும் இல்லை. வாட்சின் விலையை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. திறப்பதற்கு முன் இருந்த நிலைக்கு அதை உங்களால் மூட முடியுமா? மூடிய பிறகு சரியாக மூடியிருக்கிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாகத் திறங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் கையை எடுத்துவிடுங்கள்.

கடன் கொடுப்பது சுலபம், வசூல்தான் கஷ்டம் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். வாட்ச் மூடியும் அப்படித்தான் :-)

ஏன் திறக்கத் துடிக்கிறோம்?

செல் மாற்ற என்பது மேலோட்டமான காரணம். கொஞ்சம் நோண்டினால் வேறு ஒன்று வரும்: கடைக்காரர் மேல் நம்பிக்கை இல்லை. ஊரில் என்றால் பஜாரில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு அவரைத் தெரியும். அவருக்குத் தாத்தாவைத் தெரியும். வாட்சைக் கொடுத்துவிட்டு ரசீது கூட வாங்காமல் வருவோம். நாமோ மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் என்று ஊர் ஊராய்ப் போகிறவர்கள். மொழியே தட்டுத்தடுமாறிப் பேசும் ஊரில், முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்பாவின் வாட்சைக் கொடுக்க மனசு வருமா? "மெஷினை மாத்திட்டா?" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பழைய டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து, ஒரு வாட்சின் மெஷினை இன்னொன்றின் கூட்டில் போட்டு விற்கும் சரக்குக்கு, வாட்ச் சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம்பிக்கை இல்லாததற்கு மருந்து கத்தியை நாமே எடுப்பது இல்லை. அந்த மருந்து வேறு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் திருப்பிப் பாருங்கள்

எந்தக் கருவியும் எடுக்கும் முன் வாட்சைத் திருப்பி வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு லென்ஸால் பாருங்கள். பின்மூடி பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

1. அழுத்தி மூடும் மூடி. டப்பா மூடி மாதிரி. ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சின்னப் பள்ளமோ, உதடு மாதிரி ஒரு நீட்டலோ இருக்கும். மெல்லிசான டிரெஸ் வாட்ச்களில் அதிகம்.

2. சின்னத் திருகுகள் வைத்த மூடி. நான்கு மூலையில் நான்கு திருகு. கார்ட்டியே மாதிரி செவ்வக, சதுர வாட்ச்கள் பலவற்றில் பார்க்கலாம்.

3. மூடியே மரையாக இருக்கும் வகை. ஊறுகாய் ஜாடி மாதிரி முழு மூடியையும் திருகித் திறக்க வேண்டும். சுற்றிலும் ஆறோ எட்டோ வெட்டுகள் இருக்கும். தண்ணீருக்குத் தாங்கும் வாட்ச்களில் இதுதான் வழக்கம்.

4. பின்மூடியே இல்லாத வகை! ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை. 1972-இல் வந்த முதல் ஆடெமார் பிகே ராயல் ஓக் இப்படித்தான், முன்பக்கமாகத்தான் திறக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1960-களின் ஒமேகா டி வில் சிலவற்றிலும் கூடு ஒரே துண்டு, கண்ணாடியை எடுத்துத்தான் மெஷினை வெளியே எடுக்க முடியும். இது தெரியாமல் பின்பக்கம் கோடு மாதிரி தெரிந்த இடத்தையெல்லாம் கத்தியால் நெம்பி, வாட்சைக் கீறி வைத்தவர்கள் நிறைய.

எந்த வகை என்று உறுதியாகத் தெரியவில்லையா? அதுவே பதில். திறக்காதீர்கள்.

வீட்டில் திறக்கக் கூடியவை

வாரண்டி முடிந்த, தண்ணீரில் நனைக்காத, முதல் வகை அல்லது இரண்டாம் வகை மூடியுள்ள குவார்ட்ஸ் வாட்ச் என்றால், பொறுமையுள்ள எவரும் வீட்டில் செல் மாற்றலாம். ஒரே நிபந்தனை, முதல் வாட்ச் அப்பாவின் வாட்சாக இருக்கக் கூடாது. முந்நூறு நானூறு ரூபாய் வாட்ச் ஒன்றை வாங்கி, பத்து முறை திறந்து மூடிப் பழகுங்கள். கை பழகிய பிறகு நல்ல வாட்சுக்கு வாருங்கள்.

ஃபேனை அணையுங்கள். தூசுதான் முதல் எதிரி. மும்பை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலமாக இருந்தால் ஏசி அறையில் செய்யுங்கள். ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடினால், பிறகு குளிர்ந்த இடத்துக்குப் போகும்போது கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்துவிடும். மேஜையில் வெள்ளைத் துணி. குழந்தைகள் அந்தப் பக்கம் வேண்டாம். சின்ன செல்லை வாயில் போட்டுக்கொள்வது விளையாட்டு விஷயம் இல்லை. முக்கியமாகப் பெரிய லித்தியம் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும்.

பெல்ட்டையோ செயினையோ கழற்றிவிடுங்கள். மூடியின் ஓரத்தில் சேர்ந்திருக்கும் அழுக்கைப் பல் குத்தும் குச்சியால் எடுத்துத் துடையுங்கள். இல்லாவிட்டால் மூடி திறந்த நொடியில் வருஷக்கணக்கான வியர்வை அழுக்கு அப்படியே மெஷின் மேல் விழும். கீறல் படாமல் இருக்கக் கூட்டின் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

அழுத்தி மூடும் வகைக்கு, வாட்ச் மூடி திறப்பதற்கென்றே விற்கும் மழுங்கலான கத்தி வேண்டும். சமையலறைக் கத்தி, பேனாக்கத்தி, பிளேடு எதுவும் கூடாது. அந்த உதட்டில் நுனியை வைத்து, உள்ளே குத்தாமல் மெதுவாகத் திருக வேண்டும். 'டக்' என்று விடும். கத்தி உள்ளங்கையைப் பார்த்து இருக்கக் கூடாது, வாட்சின் உள்ளேயும் பார்த்து இருக்கக் கூடாது.

திருகு வகைக்கு, திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் வேண்டும். சின்னது வழுக்கும், பெரியது பக்கத்தைக் கீறும். ஒரே திருகை முழுதாகக் கழற்றாமல், குறுக்கு மறுக்காக ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எந்தத் திருகு எந்த ஓட்டையில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். காந்தம் ஏறிய ஸ்குரூ டிரைவரைச் சாவி கொடுக்கும் வாட்ச், ஆட்டோமேட்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உள்ளே முடி போன்ற சுருள் வில்லில் காந்தம் ஏறினால் வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும்.

திறந்தாயிற்று. உடனே எதையும் தொடாமல் செல்போனில் ஒரு போட்டோ. செல் எந்தப் பக்கம் மேலே, ரப்பர் வாஷர் எங்கே, மெஷினைச் சுற்றி பிளாஸ்டிக் வளையம் எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும். பிளாஸ்டிக் இடுக்கியால் செல்லை எடுங்கள். உலோக இடுக்கி செல்லின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

செல் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எழுத்தையும் பாருங்கள். எஸ்.ஆர்.626 என்பதும் எல்.ஆர்.626 என்பதும் ஒரே அளவு, இரண்டும் பொருந்தும். ஆனால் எஸ்.ஆர். என்பது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட், கடைசி வரை ஏறக்குறைய ஒரே அழுத்தம். எல்.ஆர். என்பது ஆல்கலைன், அழுத்தம் போகப்போகக் குறையும், கசியும் வாய்ப்பும் அதிகம். லட்ச ரூபாய் வாட்சுக்கு எல்.ஆர். போட்டு மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம்.

இனிதான் பரீட்சை

இதுவரை செய்ததை எந்த வீடியோவும் அழகாகக் காட்டிவிடும். மூடுவதை மட்டும் பத்து நொடியில் முடித்துவிடுவார்கள். சிக்கல் எல்லாம் அங்கேதான்.

முள் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ரப்பர் வாஷரை எடுத்துப் பாருங்கள். தட்டையாகி, விறைத்து, வெடித்திருந்தால் அதே அளவில் புதிது போட வேண்டும். சிலிகான் கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ தடவினால், அது மெல்ல மெஷினுக்குள் ஊர்ந்து போகும். வாஷர் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஓர் இடத்தில் நசுங்கினாலும் வாட்ச் பார்க்க மூடியது போலவே இருக்கும். தண்ணீருக்கு மட்டும்தான் வழி தெரியும்.

அழுத்தி மூடும் மூடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சாவித் தண்டு போகும் இடம் அது. அதற்கு நேராக வைக்காமல் அழுத்தினால் தண்டு வளையும். நேராக வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்துங்கள். மூடவில்லையா? நிறுத்திவிடுங்கள். சுத்தியல், பட்டறை வைஸ், கட்டிலின் காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது என்று நம்மாட்களின் கண்டுபிடிப்புகளுக்குக் குறைவில்லை. எல்லாம் கண்ணாடி உடையும் வழிகள். மூடி அழுத்தும் பிரஸ் என்று தனிக்கருவி உண்டு. அதிலும் கீழே வைக்கும் அச்சு கண்ணாடியைத் தொடாமல் கூட்டின் விளிம்பைத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். அளவு மாறினால் கண்ணாடி போய்விடும். விரலால் மூடாத வாட்சைக் கடைக்காரரிடம் "மூடிக் கொடுங்க" என்று கொடுப்பதில் எந்த அவமானமும் இல்லை.

மரை மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டில் மூடி போலத்தான், முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றி, மரை 'டக்' என்று உட்காரும் இடம் வந்ததும் சரியான பக்கம் திருப்ப வேண்டும். மரை குறுக்கே ஏறினால் கூடே வீண். ஒட்டும் ரப்பர் பந்தை வைத்துத் திருகினால் சில மூடிகள் கீறலே இல்லாமல் வந்துவிடும். வராததற்கு மூன்று கால் உள்ள ஜாக்ஸா கருவியைப் பிடித்து மல்லுக்கட்டினால், ஒரு கால் வழுக்கி மூடியின் குறுக்கே போடும் கோடு ஆயுசுக்கும் போகாது.

சரி, கீறல் இல்லாமல் திறந்து, வாஷர் மாற்றி, ஒழுங்காக மூடியும் விட்டீர்கள். தண்ணீர் புகாது என்று எப்படித் தெரியும்? வாளியில் முக்கியா பார்க்க முடியும்? நல்ல சர்வீஸ் சென்டரில் காற்றழுத்தம் கொடுத்து, கூடு எவ்வளவு அசைகிறது என்று அளந்து சொல்லும் கருவி இருக்கிறது. நம் வீட்டில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: தண்ணீர் புகாது என்பதற்காகவே மதிப்புள்ள வாட்சை வீட்டில் திறக்கவே கூடாது. நீங்கள் திறமைசாலியா இல்லையா என்பது பிரச்சினை இல்லை. உங்கள் திறமையைச் சோதிக்க வழியில்லை என்பதுதான் பிரச்சினை.

கண்டிப்பாக வேண்டாம்

ரோலக்ஸ் ஆய்ஸ்டர். 1926-இலிருந்து அந்தக் கம்பெனி பெயர் வாங்கியதே தண்ணீர் புகாத அந்தக் கூட்டை வைத்துத்தான். பின்மூடியைச் சுற்றிலும் நெருக்கமாக வரிகள் இருக்கும், அதற்கென்றே தனி அச்சு வைத்துத்தான் திறப்பார்கள். பொதுவான கருவி பட்டால் வரிகள் தேயும், விற்கும்போது விலையில் தெரியும். எண் பார்க்கத் திறக்கவும் தேவையில்லை. பழைய மாடல்களில் வரிசை எண் செயின் சேரும் இடத்தில் இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கிறது. புதியவற்றில் டயலைச் சுற்றிய உள்வளையத்தில் இருக்கிறது.

ரேடோ. கல்ஃப் போன குடும்பங்களில் ரேடோ இல்லாத வீடு உண்டா? கீறல் விழாது என்பதுதான் 1962-இல் வந்த டயாஸ்டாரின் பெருமை. செராமிக் மாடல்களும் அப்படியே. ஆனால் கடினம் வேறு, பலம் வேறு. பீங்கான் தட்டில் கீறல் விழாது, கீழே போட்டால் உடையும் அல்லவா? செராமிக் கூட்டின் ஓரத்தில் கத்தியை வைத்து நெம்பினால் சில்லு பெயரும். அதை ஒட்டவோ தேய்த்துச் சரிசெய்யவோ முடியாது.

வாரண்டியில் இருக்கும் எதுவும். ரோலக்ஸும் ஒமேகாவும் இப்போது 5 வருஷம் கொடுக்கின்றன. இருநூறு ரூபாய் செல்லுக்காக அதை இழப்பது கணக்கில் சேராது.

இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள, 1960-களுக்கு முந்தைய வாட்ச்கள். அந்தக் காலத்தில் ரேடியம் பூசினார்கள். பூச்சின் வெளிச்சம் எப்போதோ செத்துப்போயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருஷம். கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும். உதிர்ந்த தூள் உள்ளே கிடக்கலாம். தாத்தா வாட்ச் என்று ஆசையாகத் திறந்து 'ஃபூ' என்று ஊதுவது இருக்கிறதே, அதைவிட மோசமான காரியம் வேறில்லை.

வேறொரு கிளை நண்பர் ஒருவரின் கதையைச் சொன்னால் இதெல்லாம் புரியும். மாமனாரின் குவார்ட்ஸ் ஒமேகா. செல் மட்டும்தான் போயிருந்தது. பழம் வெட்டும் கத்தியால் நெம்பியபோது மூடி திடீரென்று விட்டது, கத்தி நுனி உள்ளே போய் காயிலை உரசியது. அந்தச் செப்புக் கம்பி தலைமுடியை விட மெல்லிசு. ஒரு இழை அறுந்தால் போதும், மெஷின் ஓடாது. செல் செத்த வாட்ச், மெஷின் செத்த வாட்ச் ஆயிற்று. செலவு செல் விலையைப் போலப் பல மடங்கு. அதை அவர் கட்டிவிட்டார். மனைவியிடம் "உங்க அப்பா வாட்ச்..." என்று ஆரம்பித்த அந்தப் பேச்சுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

கட்டாயம் திறக்க வேண்டிய நேரம்

தொடாதே கட்சிக்கும் ஒரு வார்த்தை. லாக்கரில் வைக்கப்போகும் குவார்ட்ஸ் வாட்சைத் திறந்தே ஆக வேண்டும். செல்லை உள்ளேயே விட்டு வருஷக்கணக்கில் பூட்டி வைத்தால், செத்த செல் கசிந்து மெஷினை அரித்துவிடும். "பத்திரமா லாக்கர்ல இருந்துச்சே சார்" என்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையில் 100 மடங்கு வரை. செல் கசிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. விநாடி முள் நாலு நாலு விநாடியாகத் தாவ ஆரம்பித்தாலும், பல குவார்ட்ஸ் வாட்ச்களில் செல் முடியப்போகிறது என்று அர்த்தம். தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் திறக்கலாமா, கடையில் திறக்கலாமா என்பதற்கு மேலே சொன்ன இரண்டு கேள்விதான் விடை.

நம்பிக்கைக்கு மருந்து

கடைக்காரரை நம்பவில்லை என்றால், நான் சொல்வது இதுதான். உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். மூடி திறந்ததும் மெஷினை, அதில் உள்ள எண்ணை, மூடியின் உள்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். பழைய ஒமேகாவில் வரிசை எண் மெஷின் மேலேயே இருக்கும். விட்டுவிட்டு வருவதானால் ரசீதில் கம்பெனி, மாடல், எண், என்ன வேலை, எவ்வளவு ரூபாய் என்று எழுதி வாங்குங்கள். பழைய வாஷரையும் செல்லையும் திருப்பிக் கேளுங்கள். எதிரில் திறக்க மாட்டேன், எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அடகு நகையை எடை போடாமல், ரசீது போடாமல் எந்த வங்கியாவது வாங்குமா? வாட்சுக்கும் அதே நடைமுறைதான். இதில் மெக்கானிக்கை அவமதிப்பது எதுவும் இல்லை. நல்ல மெக்கானிக்குகள் இதை விரும்புகிறார்கள், அவர்களுக்கும் பாதுகாப்பு.

ஊரில் அப்பாவுக்கு ஆள் தெரிந்திருந்தது. நமக்கு இங்கே ஆள் தெரியாது. அந்தக் குறையை ஒரு ரசீதாலும் இரண்டு போட்டோவாலும் ஓரளவு ஈடுகட்ட முடியும். கத்தியால் முடியாது. அப்படியும் கை துறுதுறுவென்று இருந்தால், முந்நூறு ரூபாய் வாட்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்து முறை திறப்பது பெரிதில்லை, பத்து முறை ஒழுங்காக மூடுங்கள். பிறகு பேசுவோம்.